கொல்லிமலை முதல் வால்பாறை வரை: ஐகான், போலோ, எஸ்டீம்

வெள்ளி இரவு, நாமக்கல்

சுதந்திர தினம் வெள்ளிக்கிழமையில் வந்ததும் திங்கள், செவ்வாய்க்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டோம். கொல்லிமலை ஏறி இறங்கி, பொள்ளாச்சி போய், அங்கே மாருதி எஸ்டீம் வைத்திருக்கிற அண்ணனையும் சேர்த்துக்கொண்டு வால்பாறை. என்னுடையது ஃபோர்டு ஐகான் 1.6, அப்பா 2001-இல் வாங்கியது. இந்த வயதுக் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் தேர்வுக்குப் போகிற பிள்ளையைத் தயார் செய்வது போலத் தயார் செய்து அழைத்துப் போகிறேன். கூட வருவது ஆபீஸ் தம்பியின் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், ஏழு கியர் ஆட்டோமேட்டிக். டிக்கியில் அடிநாதத்துக்கென்றே ஒரு பெரிய ஸ்பீக்கர், அதாவது வூஃபர்; சீட்டுக்கு அடியில் ஒலியைப் பெருக்குகிற ஆம்ப்.

மறைமலை நகரைத் தாண்டும்போது இன்னும் விடியவில்லை. என் கார் பிறந்த ஊர், ஃபோர்டு தொழிற்சாலை இங்கேதான். 1999-இல் ‘ஜோஷ் மெஷின்’ என்று விளம்பரம் செய்து ஐகானை இறக்கினார்கள். இந்தியாவுக்கென்றே செய்த செடான், பிறகு மெக்சிகோவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனது. 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது, 2022-இல் இந்தத் தொழிற்சாலை ஓய்ந்தது. ஏற்றுமதிக்காக மறுபடி திறக்க விரும்புவதாக 2024-இல் தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். திறந்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். உதிரி பாகம் கிடைக்கும் என்பதற்காக இல்லை. ஸ்டீயரிங் கையோடு பேச வேண்டும் என்று நினைத்துக் கார் செய்தவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள், அவர்கள் கை சும்மா இருக்கக் கூடாது.

உளுந்தூர்ப்பேட்டை வரை நான்கு வழி, அங்கிருந்து சேலம் ரோடு. ஆத்தூர் பக்கம் வந்தால் இருபுறமும் மரவள்ளி, ஜவ்வரிசி ஆலைகள், காயப்போட்ட மாவின் புளித்த வாசம். ஓட்டுவதற்கு இந்த ரோட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. கேட்பதற்குத்தான் நிறைய இருந்தது.

காலைச் சாப்பாட்டில் தம்பி கேட்டான்: “அக்கா, உங்க கார்ல வூஃபரே இல்ல, ஆனா பாட்டு எப்படி இவ்வளவு தெளிவா இருக்கு?” விஷயம் பாட்டில் இல்லை, கதவில் இருக்கிறது. நின்ற காரில் எந்த ஸ்பீக்கரும் நன்றாகத்தான் பாடும். 90-இல் போகும்போது டயர் இரைச்சலும் காற்றிரைச்சலும் முதலில் விழுங்குவது அடிநாதத்தைத்தான், அதாவது பேஸை. அது கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுகிறோம். கூட்டியதில் மேல் சுருதிகள் காதைக் கிழிக்கின்றன. சேலம் வருவதற்குள் தலைவலி. நான் செய்தது இவ்வளவுதான். முன் கதவு இரண்டையும் பிரித்து, வெளித் தகட்டின் உள்பக்கம் அதிர்வை அடக்குகிற பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி, உள் தகட்டில் இருக்கிற பெரிய ஓட்டைகளையும் மூடினேன். ஸ்பீக்கரின் முன்னால் வருகிற அலையும் பின்னால் போகிற அலையும் ஒன்றுக்கொன்று எதிர். பின்னலை ஓட்டை வழியாகச் சுற்றி முன்னால் வந்தால் இரண்டும் சேர்ந்து பேஸைக் கொன்றுவிடும். ஓட்டையை மூடினால் அதே ஆறரை அங்குல ஸ்பீக்கர் புதிதாக வாங்கியது போல ஒலிக்கும். கதவைச் சாத்தும்போது ‘டங்’ என்று கேட்ட இடத்தில் இப்போது ‘தொப்’ என்று கேட்கிறது. அந்த ‘தொப்’புக்காக மட்டுமே கூட இதைச் செய்யலாம்.

சேலத்துக்கு முன்னால் கொஞ்ச தூரம் கார் மாற்றி ஓட்டினோம். ஐகானில் ஏறிய தம்பி முதல் ஐந்து நிமிடம் பாட்டுக் கேட்டான், அப்புறம் அவனாகவே குறைத்தான். “ரோடு கேக்குதுக்கா” என்றான்.

சனி இரவு, நாமக்கல்

கொல்லிமலைக்கு விடியும் முன்னே போய்விட வேண்டும். விடுமுறைக் கூட்டம் எட்டு மணிக்குமேல் ஏறத் தொடங்கினால் அது கார் ஓட்டுவது ஆகாது, வரிசையில் நிற்பது. ஆடிப் பதினெட்டை ஒட்டி நடக்கிற வல்வில் ஓரி விழாக் கூட்டம் போன பிறகுதான் வந்திருக்கிறோம், அது வரை நல்லது.

அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. நாட்டில் பல மலை ரோடுகளில் வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் ஓய்வு உண்டு. இங்கே சில இடங்களில் ஒரு வளைவிலிருந்து நிமிர்த்தவே நேரமில்லை, அடுத்தது வந்துவிடும். கை ஸ்டீயரிங்கை விட்டு வேறெங்கும் போகாது. இங்கே பாட்டு வேண்டாம் என்று கீழேயே பேசிக்கொண்டோம்.

பாட்டை நிறுத்தியதற்குக் காரணம் பயம் இல்லை. இந்த ரோட்டில் காதுதான் முதல் கருவி. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் மேல் வளைவில் இறங்கி வருகிற பஸ்ஸின் ஹாரன், அதற்கும் முன்னால் அதன் இன்ஜின் பிரேக்கின் உறுமல், இரண்டும் கேட்கும். மரம் மறைத்த வளைவில் கண் காட்டாததைக் காது சொல்லிவிடும். இன்ஜின் சுழற்சியைக் காட்டுகிற ரெவ் மீட்டரைப் பார்க்கத் தேவையே இல்லை. ஐகானின் ரோகாம் இன்ஜின் குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுக்கும்; இரண்டாம் கியரில் வளைவுக்குள் போய், பாதியில் மெல்ல மிதித்தால் குரல் தடித்து வரும், அந்தத் தடிப்பு இருக்கும் வரை கியர் மாற்ற வேண்டாம். அது நடுங்கி ‘கட கட’ என்றால் முதல் கியர். டயர் லேசாக முனகினால் உள்ளே போகும்போதே வேகம் அதிகம் என்று அர்த்தம். அடுத்த வளைவில் பிரேக்கை இன்னும் முன்னால் முடிக்க வேண்டும். பிரேக் நேர் ரோட்டில், திருப்பம் நிதானத்தில், ஆக்சிலரேட்டர் மிதி வளைவிலிருந்து வெளியே வரும்போது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று குழம்பாமல் பத்து வளைவு வந்துவிட்டால் உடம்பு தானாகக் கற்றுக்கொள்கிறது. அந்த இடத்தில் வருகிற சந்தோஷத்தை நேர் ரோட்டில் எந்த வேகமும் தராது. எங்கள் வேகம் முப்பதைத் தாண்டியதே அபூர்வம்.

நடுவில் ஒரு வார்த்தை. ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை; இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும். ஓட்டுநர் விதிமுறையிலேயே இருக்கிறது. இன்று இறங்கி வந்த பாதிப் பேருக்கு அது தெரியவில்லை. அரசு பஸ் ஓட்டுநர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் அந்த நீள வண்டியை அந்த வளைவில் ஒரே முயற்சியில் திருப்புவதை நின்று பார்த்தோம். பின் சக்கரம் ஓரக்கல்லை ஒரு சாண் விட்டுக் கடந்தது. அதுவும் வண்டி ஓட்டுவதுதான், நம்மைவிடப் பல மடங்கு.

போலோவுக்கு வேறு கதை. ஆட்டோமேட்டிக்கை டி-யில் விட்டால் வளைவுக்குச் சற்று முன்னால் மேல் கியருக்குப் போய்விடுகிறது, மிதிக்கும்போது யோசிக்கிறது. மேனுவலுக்குத் தள்ளி இரண்டில் நிறுத்தினான், கார் வேறு காராகிவிட்டது. டர்போ பிடித்ததும் அது எழுகிற விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டீயரிங் மட்டும் என்னுடையதைப் போலப் பேசவில்லை. ஐகானில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குகிற ஹைட்ராலிக் ஸ்டீயரிங், சக்கரம் ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் உள்ளங்கைக்குத் தெரியும்.

சோளக்காட்டில் மிளகும் மலை வாழையும் வாங்கினோம். செம்மேடு வரை போய்விட்டு, கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டோம்.

மாலையில் நாமக்கல் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்க்கப் போனதுதான் இன்றைய இரண்டாவது பெரிய விஷயம். பல லாரிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது வெறும் சேஸிஸ். கேபின்கூட இல்லாமல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காற்றில் உட்கார்ந்து ஓட்டி வருகிற ஓட்டுநர்களை நெடுஞ்சாலையில் எல்லாரும் பார்த்திருப்போம். அந்த எலும்புக்கூட்டுக்கு முகமும் உடம்பும் இங்கேதான் வருகிறது. பெயிண்டர் ஒருவர் முகப்புப் பலகையில் குலதெய்வத்தின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். ஸ்கெட்ச் இல்லை, ஸ்கேல் இல்லை; சுண்ணாம்புக் கயிற்றால் ஒரு கோடு, அதன் மேல் ஒரே மூச்சில் தூரிகை. பக்கவாட்டில் தாமரை, பசுவும் கன்றும்.

காருக்கு அழகு செய்வது என்றால் என்ன என்று அங்கே நின்றுகொண்டே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. என் கட்சி தெளிவானது: எதற்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். காற்றே போகாத போலி வென்ட், புகையே வராத போலி சைலன்சர் முனை, இவற்றைக் காரின் மேல் ஒட்டுவதைவிடப் பழைய பெயிண்டை நன்றாகப் பாலிஷ் செய்து அதன் ஆழத்தை வெளியே கொண்டுவருவது நூறு மடங்கு மேல். சட்டமும் என் பக்கம் நிற்கிறது. நிறுவனம் செய்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்பது 2012-இலேயே. தம்பி கட்சி வேறு: “வண்டிய தன்னோடதா ஆக்கிக்கறது தப்பாக்கா? இவங்க செய்யறதும் அதானே?” இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பெயிண்டர் லாரியின் கோடுகளைப் படித்துவிட்டு எழுதுகிறார், எங்கே பலகை முடிகிறதோ அங்கே பூ முடிகிறது. ஸ்டிக்கர் கடைக்காரர் காரைப் பார்ப்பதே இல்லை. தம்பி முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் போலோவில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். பாட்டுக்கு அடியில் மெல்லிய கீச்சொலி. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் உயர்கிறது, விட்டால் இறங்குகிறது. இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரின் சத்தம் ஆம்புக்குள் வருகிறது. ஆறு மாதமாக அப்படித்தான் என்றான். மாட்டிய கடையில் காட்டினால் “பாட்டு போட்டா கேக்காது” என்றார்களாம். நாளை பொள்ளாச்சியில் பார்க்கலாம்.

ஞாயிறு இரவு, பொள்ளாச்சி

நாமக்கல்லிலிருந்து கரூர், தாராபுரம், உடுமலை வழி. கரூரில் பஸ் பாடி கட்டுகிற கூடங்களை ஓடும்போதே எட்டிப் பார்த்ததோடு சரி. தாராபுரம் தாண்டியதும் காற்றாலைகள் ஆரம்பித்தன, கூடவே காற்றும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. லாரியின் மறைப்பிலிருந்து வெளியே வருகிற நொடியில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். கதவு ரப்பர் எங்கே தேய்ந்திருக்கிறது என்று இந்தக் காற்று துல்லியமாகக் காட்டிவிட்டது: என் பின் இடக் கதவு, மேல் மூலை. குறித்துக்கொண்டேன்.

பொள்ளாச்சியில் எஸ்டீம் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். “வாங்கம்மிணி, வாங்க தம்பி, முதல்ல சாப்புடுங்க, வண்டி எங்கியும் போகாது.” ஆடியோ மாட்டுவது அவர் தொழில். அவருடைய மாருதி எஸ்டீம் 1.3, 85 குதிரைத்திறன். 900 கிலோவுக்கும் குறைவான எடை, அதுதான் அதன் வித்தை. 175/70 அளவு 13 அங்குல டயருக்குப் பதில் 185/60 அளவில் 14 அங்குலம் போட்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் பழைய சக்கரத்தின் மொத்த விட்டம் 575 மில்லிமீட்டர், புதியது 578-ஐ ஒட்டி. அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, சக்கரம் எங்கும் உரசாது. இதற்கு மேல் பெரிதாக்கினால் எடை ஏறும், பள்ளத்தில் இடுப்பு வலிக்கும் என்று அவரே நிறுத்திக்கொண்டார். நேற்றைய என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சாப்பிட்டதும் போலோவின் சீட்டைக் கழற்றினார். ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது. ஆம்பின் எர்த் ஒயரை பெயிண்ட் அடித்த தகட்டின் மேலேயே முறுக்கியிருந்தார்கள். பெயிண்ட் மின்சாரத்தை விடாது. போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. இன்னொன்று, பேட்டரியிலிருந்து வருகிற பவர் ஒயரும் பாட்டு சிக்னல் வருகிற ஆர்.சி.ஏ. ஒயரும் ஒரே பக்கமாகக் கட்டி ஓடியிருந்தன. அண்ணன் பெயிண்டைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரிந்த பிறகு எர்த்தைப் பூட்டினார், ஒயரை முழ நீளத்துக்குக் குறைத்தார், ஆர்.சி.ஏ.வை எதிர்ப் பக்கம் கொண்டுபோனார். பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸ் இருக்கிறதா என்றும் பார்த்தார். அது இல்லாமல் அந்த ஒயர் எங்காவது தகட்டில் தேய்ந்தால் தீ. நல்லவேளை, இருந்தது. ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுத்தோம். கீச்சொலி இல்லை. தம்பி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆம்பின் மேல் 3000 வாட் என்று தங்க எழுத்து. அண்ணன் அதன் ஃப்யூஸைக் காட்டினார். 30 ஆம்பியர். “பதினாலு வோல்ட்டைப் பெருக்குங்க தம்பி.” 420. உள்ளே போகிற மின்சாரமே அவ்வளவுதான், அதிலும் ஒரு பங்கு சூடாகப் போகும். பெட்டியில் எழுதிய உச்ச வாட்டை விட்டுவிட்டு தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்டை மட்டும் பார்த்து வாங்குங்கள் என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை.

பிறகு எஸ்டீமில் உட்கார வைத்துத் தவில் பதிவு ஒன்றைப் போட்டார். கடைக்கு வருகிறவர்களுக்கும் அதைத்தான் போடுவாராம். சினிமாப் பாட்டின் பேஸ் எந்த வூஃபரிலும் கொழகொழவென்று நன்றாகவே இருக்கும். தவிலின் வலந்தலையில் விரல் கூடு அடிக்கிற அடி பிறந்த உடனே நிற்க வேண்டும், தொப்பியில் குச்சி விழுகிற அடி வயிற்றில் தட்டிவிட்டு இழுக்காமல் போக வேண்டும். இழுத்தால் வூஃபர் பெட்டி சரியில்லை. அவர் போட்டிருப்பது மூடிய பெட்டி. துளை வைத்த பெட்டி அதிகச் சத்தம் தரும், ஆனால் வேகமான அடியில் வால் நீளும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி வூஃபருக்கு, மேலானது கதவு ஸ்பீக்கருக்கு. அப்புறம் ஒலியை டிஜிட்டலாகத் திருத்துகிற டி.எஸ்.பி. கருவியில் தாமதம். நாம் உட்காருவது வலப்பக்கம். வலது ஸ்பீக்கர் அருகில், இடது தூரத்தில். ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். தூர வித்தியாசம் 68 சென்டிமீட்டர் என்றால் வலதுக்கு 2 மில்லி விநாடி தாமதம் கொடுக்க வேண்டும். அதைப் போட்டதும் கதவிலிருந்து வந்துகொண்டிருந்த தவில் எழுந்து கண்ணாடிக்கு நேர் முன்னால், பானெட்டின் மேல் உட்கார்ந்தது. நாகஸ்வரம் அதற்குச் சற்று இடப்பக்கம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரவு பேச்சு நீண்டது. இந்த ஊர் மண்ணிலேயே வண்டிப் பைத்தியம் உண்டு. ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஓட்டித்தான் தொழிலைத் தொடங்கினார். கோவைக்காரரான கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தார். விலை உயர்ந்த வெளிநாட்டு வண்டி இல்லாமலே பையன்கள் ரேஸ் பழகலாம் என்று ஆனது அப்படித்தான். 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிப்பாளையத்தில் இருக்கிற ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான். அதே கோவையிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். “சோளவரத்துல ரேஸ் நடக்கறப்ப பழைய ஏர்ஸ்ட்ரிப்ல வெயில்ல நின்னு கேட்டிருக்கேனுங்க, சத்தத்த வெச்சே எந்த வண்டின்னு சொல்லுவோம்” என்றார் அண்ணன். பார்த்திருக்கிறேன் என்று சொல்லவில்லை.

திங்கள் இரவு, வால்பாறை

மூன்று கார். ஆழியாறு அணையைத் தாண்டி வனத்துறை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். அங்கிருந்து நாற்பது வளைவுகள். கொல்லிமலையைவிட அகலமான, சீரான ரோடு. ஆனால் இன்று மழை.

மழை ரோட்டில் சத்தமே மாறிவிடுகிறது. ஈரத் தாரில் டயர் ‘சர்ர்’ என்று ஒரே சீராக இழையும். தண்ணீர் தேங்கிய இடத்தில் அந்த இழை திடீரென்று அறுந்து ஸ்டீயரிங் லேசாகும். அந்த நொடியில் பிரேக்கைத் தொடாமல் காலை மெல்ல எடுப்பது ஒன்றுதான் வேலை. வளைவின் உள்பக்கம் மலையிலிருந்து வழிகிற செம்மண் சேறு. வழக்கமாகப் போகிற தடத்தை விட்டு அரை அடி வெளியே போக வேண்டும், ஆனால் நடுக்கோட்டைத் தாண்டாமல். எல்.இ.டி. வெள்ளை விளக்கு மாட்டி வந்தவர்களுக்கு மூடுபனியில் வெள்ளைச் சுவர்தான் தெரிந்திருக்கும். என் பழைய மஞ்சள் ஹாலஜன் ரோட்டைக் காட்டியது.

ஒன்பதாம் வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். பனி விலகிய கொஞ்ச நேரத்தில் கீழே ஆழியாறு முழுதாகத் தெரிந்தது. தடுப்புச் சுவரின் மேலேயே வரையாடு ஒன்று நின்றிருந்தது. யாரோ காரிலிருந்தே ஹாரன் அடித்துப் படம் எடுத்தார்கள். அந்த ஹாரனை அங்கே அடிப்பவர்களுக்குக் கொண்டை ஊசியில் அடிக்கத் தோன்றுவதில்லை.

அதற்கு மேல் அண்ணன் எஸ்டீம் சாவியை என் கையில் கொடுத்தார். இவ்வளவு லேசான காரை நான் ஓட்டி நாளாகிவிட்டது. வளைவுக்குள் அதைத் திருப்ப வேண்டியதில்லை, நினைத்தால் போதும். மேல் சுழற்சியில் அந்தச் சின்ன இன்ஜின் பாடுகிற பாட்டு, உள்ளே இருக்கிற அத்தனை அருமையான ஸ்பீக்கருக்கும் மேல். இருபதாம் வளைவு வரை இரண்டாம் கியரும் மூன்றாம் கியருமாகப் போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு இடத்தில் “இப்ப” என்றார், கியர் மாற்ற. அதே நொடியில் என் கால் கிளட்சில் இருந்தது.

தேயிலைத் தோட்டங்களுக்குள் வந்த பிறகு ரோடு நிதானமாக வளைகிறது. அங்கேதான் பாட்டுப் போட்டோம், மூன்று கார்களிலும் கண்ணாடி ஏற்றி, வெளியே கேட்காத அளவில். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்கும். அங்கே மறுபடி நிறுத்தினோம்.

தம்பி இன்னொரு ஆம்ப் வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தில் நான்கு கதவுக்கும் டேம்பிங் போடுவதாக முடிவு செய்துவிட்டான். பொள்ளாச்சியில் இரண்டு நாள் தங்கி அண்ணனோடு தானே உட்கார்ந்து கதவைப் பிரிக்கப் போகிறான். டி.எஸ்.பி. அதற்கப்புறம்தான்.

காலை ஆறு மணிக்கு இறக்கம், பஸ்கள் ஏறத் தொடங்குவதற்கு முன். ஏறிய கியரிலேயே இறங்குவது, பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பது, போலோவை மேனுவலில் இரண்டில் வைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். ஆழியாறில் நின்று மூன்று காரின் சக்கரத்தையும் தொட்டுப் பார்ப்போம், யாருடைய பிரேக் அதிகம் சுட்டிருக்கிறது என்று. அங்கிருந்து நான் உடுமலை, பழனி வழியாகத் தனியே வீடு திரும்புகிறேன்.